டிஎல்எச்சா, எல்ஏவிஎச்சா? கருப்பை அகற்றும் அறுவைக்குக் கோடு தேர்ந்தெடுப்பது எப்படி

அமெரிக்காவிலிருந்து வரும் ஆப் நோட்டின், அதாவது அறுவைக் குறிப்பின், தலைப்பில் எல்ஏவிஎச் என்று போட்டிருக்கும்: வயிற்றில் சிறு துளையிட்டு விடும் கேமராக் குழாயான லேப்ராஸ்கோப்பின் உதவியோடு, யோனி வழியே கருப்பையை அகற்றுவது. நான்கு பத்தி கீழே இறங்கினால் கருப்பை ரத்த நாளங்கள், கருப்பையைப் பிடித்து நிறுத்தும் கார்டினல் லிகமென்ட், யோனியைச் சுற்றி வெட்டும் கோல்பாட்டமி என்று அத்தனையும் லேப்ராஸ்கோப் வழியாகவே முடிந்திருக்கும். யோனி வழியே நடந்தது, அறுத்தெடுத்த கருப்பையையும் குழாய்களையும் வெளியே எடுத்தது மட்டும். தலைப்பைப் பார்த்தவர் எல்ஏவிஎச்சுக்கான 58552 என்ற பில்லிங் கோடு போடுவார். உள்ளே படித்தவர் டிஎல்எச்சுக்கான, அதாவது முழுவதும் லேப்ராஸ்கோப்பிலேயே செய்த அகற்றத்துக்கான, 58571 போடுவார். இரண்டாமவர் போட்டதுதான் நிற்கும்.

சென்னை, கோவை, திருச்சி அலுவலகங்களில் அமெரிக்க ஓபி-ஜின் (மகப்பேறு, மகளிர் மருத்துவ) சார்ட்களைப் பார்ப்பவர்கள் அதிகம் தடுமாறுவது இந்த இடத்தில்தான். கோடுகள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கின்றன, தொகையோ மாறுகிறது, ஆடிட்டில் எளிதில் பிடிபடுகிறது. இங்கே பேசுவது மருத்துவர் தரப்பு பில்லிங்கை, அதாவது சிஎம்எஸ்-1500 என்ற கிளெய்ம் படிவத்தில் சிபிடி கோடு (செய்த சிகிச்சையைக் குறிக்கும் எண்) போகும் வேலையை. உள்நோயாளிக்கு மருத்துவமனை போடும் ஐசிடி-10-பிசிஎஸ் கணக்கு வேறு. அதன் தர்க்கத்தை இங்கே கொண்டுவந்து கலக்கக் கூடாது.

முதலில் குடும்பம்

புற்றுநோய்க்கான பெரிய அறுவைகளை ஒதுக்கிவைத்தால், தேர்வு ஐந்து குடும்பங்களுக்குள் அடங்கும். வயிற்றைத் திறந்து செய்தால் முழு அகற்றத்துக்கு 58150. கருப்பை வாயை விட்டுவிட்டால் 58180. முழுக்க யோனி வழி என்றால் 58260-இல் தொடங்கும் வரிசையும், பெரிய கருப்பைக்கு 58290-இல் தொடங்கும் வரிசையும். லேப்ராஸ்கோப்பில் தொடங்கி யோனி வழியே முடித்தால் எல்ஏவிஎச்: 58550, 58552, 58553, 58554. கருப்பை வாயை விட்டுவிட்டு லேப்ராஸ்கோப்பில் உடல் பகுதியை மட்டும் எடுத்தால் எல்எஸ்எச்: 58541 முதல் 58544 வரை. முழுக் கருப்பையையும் லேப்ராஸ்கோப்பிலேயே பிரித்தெடுத்தால் டிஎல்எச்: 58570 முதல் 58573 வரை.

டிஎல்எச் கோடுகள் 2008-இல்தான் சிபிடியில் வந்தன. அதற்கு முன் பழகிய மருத்துவர்கள் சிலர் இன்றும் எல்லா லேப்ராஸ்கோப்பி அகற்றத்தையும் எல்ஏவிஎச் என்றே டிக்டேட் செய்வதுண்டு. தலைப்பை நம்பக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

ரோபோ உதவியோடு செய்தாலும் குடும்பம் மாறாது. டாவின்சி என்று எழுதியிருந்தால் லேப்ராஸ்கோப்பி கோடுதான். எஸ்2900 என்ற கோடு ரோபோவுக்கென்று இருந்தாலும் மெடிகேர் (முக்கியமாக முதியோருக்கான அமெரிக்க அரசுக் காப்பீடு) அதற்குத் தனியாகப் பணம் தராது.

டிஎல்எச்சுக்கும் எல்ஏவிஎச்சுக்கும் நடுவே கோடு கிழிப்பது

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: கருப்பையும் கருப்பை வாயும் தம் பிடிமானங்களிலிருந்து எந்த வழியாக விடுபட்டன? முழுவதும் மேலிருந்து, ஸ்கோப் வழியாக விடுபட்டால் டிஎல்எச். கடைசிக் கட்டம் கீழிருந்து, யோனி வழியாக நடந்தால் எல்ஏவிஎச். கருப்பை எந்த வழியாக வெளியே வந்தது என்பது இதற்கு விடை ஆகாது. டிஎல்எச்சிலும் பெரும்பாலும் யோனி வழியாகத்தான் வெளியே வரும்.

ஆப் நோட்டில் தேட வேண்டிய சொற்கள் உண்டு. எல்ஏவிஎச் என்றால் நடுவில் ஒரு திருப்பம் வரும்: ஸ்கோப்பை நிறுத்திவிட்டு, நோயாளியின் கால்களை இன்னும் உயர்த்தி, ‘கவனம் கீழே திருப்பப்பட்டது’ என்ற பொருளில் ஒரு வாக்கியம். அதன்பின் யோனியை விரித்துப் பிடிக்கும் வெயிட்டட் ஸ்பெகுலம் வரும். கருப்பை வாயைச் சுற்றி ஊசி போட்டுக் கத்தியால் வட்டமாக வெட்டுவார்கள். முன்னும் பின்னும் வயிற்றறைக்குள் நுழைவார்கள். யூட்டரோசேக்ரல், கார்டினல் லிகமென்ட்களை ஹீனி கிளாம்ப் வைத்துப் பிடித்து, வெட்டி, கட்டுவார்கள். ஹீனி கிளாம்ப் என்ற பெயர் கண்ணில் பட்டாலே நிதானமாகப் படியுங்கள். அது கீழிருந்து வேலை நடந்ததற்கான வலுவான தடயம்.

டிஎல்எச் என்றால் அந்தத் திருப்பம் வராது. லிகாஷ்யூர் அல்லது ஹார்மோனிக் கொண்டு நாளங்களை அடைத்து வெட்டியதும், அதே வாக்கிய ஓட்டத்தில், கருப்பை வாயைச் சுற்றி வைத்த கப்பின் விளிம்பை ஒட்டி மோனோபோலார் கொக்கியால் சுற்றிலும் கோல்பாட்டமி செய்ததாக வரும். வி-கேர், ரூமி போன்ற, கருப்பையை அசைக்க உதவும் மேனிபுலேட்டர்களின் கப் பெயர் இருந்தால் டிஎல்எச்சுக்குத் திட்டமிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். திட்டமிட்டது நடந்ததா என்பதைக் கோல்பாட்டமி வாக்கியம்தான் சொல்லும். ரத்தப்போக்கோ பார்வைத் தடையோ வந்து, கப் வைத்தபிறகும் கீழே இறங்கி முடித்த சார்ட்கள் உண்டு. அவை எல்ஏவிஎச்தான்.

நடைமுறையில் அதிகம் வரும் மூன்று கலப்பு நிலைகளைச் சொல்லிவிடலாம். நாளங்களை மேலிருந்தே அடைத்துவிட்டு, கோல்பாட்டமியை மட்டும் கீழிருந்து செய்திருந்தால் எல்ஏவிஎச். நாளங்கள் மேலே முடிந்தன என்பதால் அது டிஎல்எச் ஆகிவிடாது. கோல்பாட்டமி முழுக்க மேலிருந்து நடந்து, யோனியின் மேல்முனையைத் தைத்தது மட்டும் கீழிருந்து என்றால் டிஎல்எச். தையல் போட்ட திசையை வைத்து கோடை மாற்ற வேண்டாம். ஸ்கோப்பை உள்ளே விட்டு வெறுமனே பார்த்துவிட்டு, முழு அகற்றத்தையும் கீழிருந்தே செய்திருந்தால் அது எல்ஏவிஎச்கூட இல்லை, யோனி வழிக் குடும்பம்.

கோல்பாட்டமி எங்கிருந்து என்று நோட்டில் இல்லவே இல்லை என்றால் ஊகிக்காதீர்கள். மருத்துவருக்கு க்யூரி, அதாவது விளக்கம் கேட்கும் கேள்வி, அனுப்ப வேண்டும். ‘டிஎல்எச் என்று திருத்தித் தர முடியுமா’ என்று விடையைக் கையில் கொடுப்பது க்யூரி ஆகாது. ‘கோல்பாட்டமியும் கார்டினல் லிகமென்ட் பிரிப்பும் எந்த வழியாகச் செய்யப்பட்டன என்பதைத் தெளிவுபடுத்தவும்’ என்று திறந்த கேள்வியாக இருக்க வேண்டும். பதில் அடெண்டமாக (நோட்டின் பிற்சேர்க்கையாக), தேதியோடும் கையொப்பத்தோடும் சார்ட்டில் ஏற வேண்டும். மின்னஞ்சல் பதில் ஆடிட்டில் நிற்காது.

எல்எஸ்எச் பக்கம் குழப்பம் குறைவு. கருப்பை வாய் உள்ளே இருக்கிறதா, இல்லையா? வெட்டியெடுத்த திசுவைப் பரிசோதித்த பேத்தாலஜி ரிப்போர்ட்டில் கருப்பை வாய் வந்திருந்தால் எல்எஸ்எச் இல்லை. டிஎல்எச் என்று தொடங்கி, சிறுநீர்ப்பை ஒட்டுதல் கடுமையாக இருந்ததால் வாயை விட்டுவிட்டால், நடந்தது எல்எஸ்எச். டிஎல்எச் கோடில் 52 மாடிஃபையர் (கோடோடு சேர்க்கும் ஈரிலக்கக் குறி; 52 என்றால் வேலை குறைந்தது) போட வேண்டியதில்லை. கருப்பை இறக்கத்துக்கு, வலை வைத்து யோனியின் மேல்முனையைத் தூக்கிப் பொருத்தும் லேப்ராஸ்கோப்பி கோல்போபெக்ஸி, அதாவது 57425, செய்யும்போது வாயை வேண்டுமென்றே விட்டுவைப்பதுண்டு. வலையை அதில் பொருத்தினால் பின்னால் வலை யோனிக்குள் அரித்துக்கொண்டு வரும் வாய்ப்பு குறைவு. ஆகவே 57425 உள்ள சார்ட்டில் 58541 அல்லது 58542 வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

250 கிராம்: உடனே பில் போடுவதா, ஹோல்டில் வைப்பதா?

யோனி வழி, எல்ஏவிஎச், எல்எஸ்எச், டிஎல்எச் நான்கிலும் எடை கோடைப் பிரிக்கிறது. 250 கிராம் அல்லது குறைவு ஒரு பக்கம். 250-க்கு மேல் மறுபக்கம். சரியாக 250 என்றால் சிறிய பக்கம்தான். வயிற்றைத் திறந்து செய்யும் 58150-க்கு எடைப் பிரிவே கிடையாது.

எடையை எங்கிருந்து எடுப்பது? ‘14 வார அளவுக் கருப்பை’ என்று மருத்துவர் எழுதுவது எடை அல்ல. பேத்தாலஜி ரிப்போர்ட்டின் கிராஸ் விவரிப்பில் (கண்ணால் பார்த்து அளந்ததைச் சொல்லும் பகுதியில்) உள்ள எண்ணே ஆதாரம். துண்டுகளாக வெளியே எடுத்திருந்தால் எல்லாத் துண்டுகளின் மொத்த எடையைப் பார்க்க வேண்டும். கருப்பையைத் துண்டாக்கும் கருவியான பவர் மார்சலேட்டர் குறித்து அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2014-இல் எச்சரித்தபிறகு பைக்குள் வைத்துத் துண்டாக்கி எடுப்பது பரவியது. அப்படிப்பட்ட சார்ட்டில் ரிப்போர்ட் இரண்டு மூன்று பாத்திரங்களைத் தனித்தனியே எடைபோட்டுச் சொல்லும். கூட்டிப் பார்க்க மறந்தால் பெரிய கருப்பை சிறியதாகிவிடும்.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. ரிப்போர்ட் ‘கருப்பை, வாய், இரு கருக்குழாய், இரு சினைப்பை: 262 கிராம்’ என்று ஒரே எண்ணாகத் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். சிபிடி கேட்பது கருப்பையின் எடை. சினைப்பையில் ஒரு கட்டி இருந்தால் அதுவே சில பத்து கிராம் வந்துவிடும். கழித்தால் கருப்பை 250-க்குக் கீழே போகக்கூடும். 262 என்ற எண்ணை வைத்து 58573 போட்டுவிட்டு, கேட்டால் பேத்தாலஜி அப்படித்தான் சொன்னது என்பது பதிலாகாது. பேத்தாலஜி துறையிடம் கருப்பைக்குத் தனி எடை கேட்க வேண்டும். கிடைக்காவிட்டால் சிறிய கோடுதான் பாதுகாப்பு. அதே ரிப்போர்ட் 412 என்று சொன்னால், பெரிய கட்டி எதுவும் இல்லாத பட்சத்தில், பிரித்துக் கேட்கத் தேவையில்லை.

எனவே உடனே பில் போடுவதைவிட ஹோல்ட் எப்போதும் மேல். பேத்தாலஜி வரும்வரை சில நாள் காத்திருப்பதால் எதுவும் கெடாது: மெடிகேருக்கு சேவை நாளிலிருந்து ஓராண்டு அவகாசம், தனியார் பேயர்களில், அதாவது காப்பீட்டு நிறுவனங்களில், பலர் 90 அல்லது 180 நாள் தருகிறார்கள். அவசரப்பட்டு 58571 அனுப்பிவிட்டுப் பிறகு 58573 என்று திருத்தினால், தனியார் பேயருக்கு ஃப்ரீக்வென்ஸி 7 போட்டுத் திருத்திய கிளெய்ம் அனுப்ப வேண்டும். மருத்துவர் கட்டணம் தரும் மெடிகேர் பார்ட் பி அதை ஏற்காது, முடிந்த கிளெய்மை மறுபடி திறக்கும் ரீஓப்பனிங் கேட்க வேண்டும். அதுவும் தொகை கூடும் திசையில் திருத்தம் போனால் ரெக்கார்ட் கேட்டு வரும்.

காத்திருப்பதில் இன்னொரு லாபம் நோய்க் கோடு. ‘ஃபைப்ராய்டு’ என்று மட்டும் ஆப் நோட்டில் இருந்தால் டி25.9-இல் நிற்க வேண்டியிருக்கும். பேத்தாலஜி வந்தால் சப்மியூக்கஸ் டி25.0, இன்ட்ராமியூரல் டி25.1, சப்செரோசல் டி25.2 என்று பிரிக்கலாம். அடினோமையோசிஸ் (கருப்பையின் உள்வரிச் சவ்வு தசைக்குள் வளர்வது) உறுதியானால் என்80.03, 2022 அக்டோபர் 1-க்கு முன் இருந்த என்80.0 என்ற பழைய கோடை இன்றும் சீட் ஷீட்டில் வைத்திருப்பவர்கள் அழித்துவிடுங்கள், அது செல்லாது. ‘புற்றுநோய் சந்தேகம்’ என்று மருத்துவர் எழுதியதை வெளிநோயாளி கோடிங்கில் புற்றுநோயாகப் போடக் கூடாது. ஒரு பெண்ணின் பதிவில் கருப்பைப் புற்றுக்கான சி54.1 தவறாக ஏறினால் அது பில்லோடு போய்விடாது. அவளுடைய காப்பீட்டு வரலாற்றில் தங்கிவிடும். இந்த ஒரு காரணத்துக்காகவாவது ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கலாம்.

குழாயும் சினைப்பையும்

இதில் யோசிக்க அதிகம் இல்லை. ஒரு குழாயை எடுத்தாலும், இரண்டையும் எடுத்தாலும், சினைப்பையோடு சேர்த்து எடுத்தாலும், கோடின் விவரிப்பில் ‘குழாய் மற்றும்/அல்லது சினைப்பை’ என்று உள்ள எண்ணுக்குப் போக வேண்டும்: 58571, 58573, 58552, 58554, 58542, 58544, யோனி வழியில் 58262 அல்லது 58291. பிற்காலச் சினைப்பைப் புற்றைத் தடுக்கக் குழாய்களை மட்டும் எடுப்பது இப்போது வழக்கமாகிவிட்டதால் 58570 அரிதாகி 58571 பெருகிவிட்டது. 58570-ஐயும், குழாய், சினைப்பையைத் தனியாக எடுப்பதற்கான 58661-ஐயும் சேர்த்துப் போடுவது பிரித்துப் பில் போடுவதாகும். 58150-இல் குழாய், சினைப்பை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அதே கோடு.

ஸ்கோப்பிலிருந்து திறந்த அறுவைக்கு மாறினால்

லேப்ராஸ்கோப்பில் தொடங்கி, முடியாமல் வயிற்றைத் திறந்து முடித்தால் திறந்த அறுவைக் கோடு மட்டும்: 58150 அல்லது 58180. நோய்க் கோடுகளோடு, இந்த மாற்றத்தைக் குறிக்கும் இசட்53.31 சேர்க்க வேண்டும். லேப்ராஸ்கோப்பி கோடில் 53 (பாதியில் நிறுத்தியது என்ற மாடிஃபையர்) போட்டு, கூடவே 58150-உம் போட்டால் இரண்டாவது வரி டினை ஆகும், அதாவது நிராகரிக்கப்படும். சில பேயர்களிடம் முழு கிளெய்முமே நிற்கும்.

ஆனால் எல்லா வயிற்று வெட்டும் மாற்றம் அல்ல. கருப்பையை ஸ்கோப்பில் முழுக்கப் பிரித்தபிறகு, பெரிதாக இருப்பதால் போர்ட் துளையைச் சில சென்டிமீட்டர் நீட்டி வெளியே எடுத்தால் அது டிஎல்எச்சாகவே இருக்கும். மறுபடியும் அதே கேள்விதான்: பிரித்தது எந்த வழியாக?

கூடச் செய்ததற்கு 59-ஆ, 22-ஆ, ஒன்றும் இல்லையா?

அதிக டினையல் பிறக்கும் இடம் இது. 59 என்பது தனி வேலை என்றும், 22 என்பது வழக்கத்தைவிடக் கூடுதல் உழைப்பு என்றும் காட்டும் மாடிஃபையர்கள். கடைசியில், சிறுநீர்ப்பைக்குள் பார்க்கும் சிஸ்டாஸ்கோப் விட்டு சிறுநீர்க் குழாய்களிலிருந்து சிறுநீர் வருகிறதா என்று பார்ப்பார்கள். அதற்கு 52000 போடத் தோன்றும். அறுவையில் காயம் ஏற்படவில்லை என்று உறுதிசெய்யும் சிஸ்டாஸ்கோப்பி தனியாகப் போடக் கூடாது என்று என்சிசிஐ (எந்தக் கோடுகளைச் சேர்த்துப் போடக் கூடாது என்ற மெடிகேர் விதித் தொகுப்பு) கொள்கைக் கையேடே சொல்கிறது. 59 போட்டால் கணினி எடிட்டைத் தாண்டிவிடும், ஆடிட்டைத் தாண்டாது. வேறு நோய்க்காக, உதாரணமாக முன்பே இருந்த சிறுநீரில் ரத்தத்துக்காகப் பார்த்திருந்தால், அதற்கான காரணமும் கண்டறிதலும் நோட்டில் தனியாக இருந்தால் மட்டும் வாதாடலாம்.

மயக்கத்தில் செய்யும் இடுப்புப் பரிசோதனை 57410, நோயறியும் லேப்ராஸ்கோப்பி 49320, ஒட்டுதல் பிரிப்பு 58660 அல்லது 44180: இவை எதையும் தனியாகப் போட முடியாது. அறுவையில் சிறுநீர்ப்பை கிழிந்து அதே மருத்துவர் தைத்தால் அதுவும் உள்ளடக்கம்தான். யூராலஜிஸ்ட் வந்து தைத்தால் அவர் தம் பெயரில் போட்டுக்கொள்ளலாம். கருப்பையோடு ஃபைப்ராய்டும் போய்விடுவதால் 58545, 58546 இங்கே வராது. எண்டோமெட்ரியோசிஸ் பகுதிகளை வேறிடத்தில் வெட்டியெடுத்ததற்கு 58662 கேட்கலாமா என்பதை அந்தக் காலாண்டின் என்சிசிஐ பட்டியலில், இண்டிகேட்டர் 0-வா 1-ஆ என்று பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். 0 என்றால் எந்த மாடிஃபையரும் திறக்காது. 1 என்றாலும் வேறு இடம், வேறு வேலை என்று நோட் காட்ட வேண்டும்.

ஒட்டுதல் பிரிக்க உண்மையிலேயே நேரமும் உழைப்பும் போயிருந்தால் அதற்கான வழி 22. ‘கடினமான ஒட்டுதல்கள் இருந்தன’ என்ற ஒற்றை வரிக்கு 22 கிடைக்காது. கிடைக்க வைக்கும் நோட் இப்படி இருக்கும்: முன்பு மூன்று சிசேரியன், ஓமெண்டமும் சிறுநீர்ப்பையும் கருப்பையின் முன்சுவரில் அடர்த்தியாக ஒட்டியிருந்தன, கத்தரியால் பிரிக்க 70 நிமிடம் ஆயிற்று, வழக்கமாக இந்த அறுவைக்கு மொத்தமே 90 நிமிடம், இம்முறை 175. எதனால் கடினம், என்ன செய்தார், வழக்கத்தைவிட எவ்வளவு கூடுதல் என்று மூன்றும் இருக்க வேண்டும். கிளெய்முடன் ஆப் நோட்டும் ஒரு சுருக்கமான தனிக் கடிதமும் போக வேண்டும். கருப்பை பெரிது என்பதற்காக 58573-இல் 22 கேட்பதில் எச்சரிக்கை தேவை: 300 கிராமுக்கு உரிய கூடுதல் உழைப்பு அந்தக் கோடிலேயே அடங்கிவிட்டது. 1,500 கிராம் என்றால், வேலை விவரத்தோடு, கேட்கலாம். எடைப் பிரிவே இல்லாத 58150-இல் பெரிய கருப்பைக்கு 22 ஒன்றுதான் வழி.

உண்மையிலேயே தனி வேலை என்றால் தயங்காமல் போடுங்கள். முன்சுவர் தொய்வுக்கு 57240, பின்சுவருக்கு 57250, இரண்டும் சேர்ந்தால் 57260, இருமினால் சிறுநீர் கசிவதற்கு ஸ்லிங் 57288. ஒவ்வொரு வரிக்கும் அதனதன் நோய்க் கோடு சுட்ட வேண்டும், 57288-க்கு என்39.3 சுட்டாமல் டி25.1 சுட்டினால் மருத்துவத் தேவை இல்லை என்று திரும்பும். மதிப்பு அதிகமான கோடு முதல் வரி; மெடிகேர் முதல் வரிக்கு 100 சதவீதமும் அடுத்தவற்றுக்கு 50 சதவீதமும் தரும். உதவி மருத்துவருக்கு 80 போட்டால் 16 சதவீதம், பிசிஷியன் அசிஸ்டென்ட் உதவினால் ஏஎஸ் போட்டு 13.6 சதவீதம்.

அறுவைக்கு முந்தின நாளோ அதே நாளோ அறுவை முடிவெடுத்த விசிட்டுக்கு, பெரிய அறுவைக்கு முடிவெடுத்ததைக் காட்டும் 57 மாடிஃபையர் போட வேண்டும், சிறு செயல்முறைகளோடு வரும் 25 அல்ல. இவை 90 நாள் குளோபல் உள்ள, அதாவது பின்கவனிப்பும் அறுவைக் கட்டணத்திலேயே அடங்கும், அறுவைகள். முடிவு ஏற்கெனவே எடுத்தபின் நடக்கும் முன்பரிசோதனை விசிட்டுக்குப் பணம் கிடையாது.

அனுமதியும் படிவமும்

முன் அனுமதி 58571-க்கு வாங்கியிருப்பார்கள். பேத்தாலஜி 58573 என்று சொல்லும். கிளெய்ம் அனுப்பும் முன்பே பேயரை அழைத்து அனுமதியைத் திருத்த வேண்டும். அனுப்பிய பிறகு என்றால் அப்பீல்தான். அனுமதி கேட்கும்போதே இரண்டு எண்களையும் சேர்த்துக் கேட்கும் மருத்துவமனைகளுக்கு இந்தத் தலைவலி இல்லை. உங்கள் கிளையன்ட் அப்படிச் செய்யவில்லை என்றால் மாதாந்தரக் கூட்டத்தில் இதை முதலில் சொல்லுங்கள்.

குறைந்த வருமானத்தினருக்கான அரசுக் காப்பீடான மெடிகெய்டில் படிவம் இரண்டு வகை. மாற்றிப் போட்டால் கோடு எவ்வளவு சரியாக இருந்தாலும் டினையல்தான். கருப்பை அகற்றத்துக்கு, இனிக் குழந்தை பெற முடியாது என்று தெரிவிக்கப்பட்டதை நோயாளி ஒப்புக்கொள்ளும் படிவம். இதற்கு 30 நாள் காத்திருப்பு இல்லை. ஏற்கெனவே கருத்தரிக்க இயலாதவர் என்றாலோ உயிருக்கு ஆபத்தான அவசரம் என்றாலோ மருத்துவரின் எழுத்துச் சான்று அதற்கு ஈடாகும். கருத்தடை ஒன்றே நோக்கமான கருப்பை அகற்றத்துக்கு மெடிகெய்டு பணம் தராது. கருத்தடைக்காகக் குழாய்களை மட்டும் எடுக்கும் 58661, கருத்தடைக்கான இசட்30.2-வுடன் வந்தால், வேண்டியது கருத்தடைச் சம்மதப் படிவம்: கையெழுத்திடும்போது வயது 21 நிறைந்திருக்க வேண்டும், கையெழுத்துக்கும் அறுவைக்கும் நடுவே குறைந்தது 30 நாள், அதிகபட்சம் 180 நாள். குறைமாதப் பிரசவத்திலும் அவசர வயிற்று அறுவையிலும் மட்டும் 72 மணி நேரம் போதும். குறைமாதப் பிரசவம் என்றால் அந்தக் கையெழுத்தும் எதிர்பார்த்த பிரசவ தேதிக்கு 30 நாள் முன்பே இட்டிருக்க வேண்டும். தேதிகளை நாட்காட்டியில் எண்ணிப் பாருங்கள். 29-ஆம் நாள் நடந்த அறுவைக்கு எந்த அப்பீலும் உதவாது.